பை நிறையப் பணம், வீட்டில் இரண்டு பிள்ளைகள்: இந்தச் சிறார் நாவலை எழுதுவது எப்படி?

அக்காவும் தம்பியும் விளையாடப் போன இடத்தில் ஒரு பை நிறையப் பணம் கிடக்கிறது. இந்த ஒரு வரி மனசுக்குள் வந்துவிட்டால் முதல் அத்தியாயம் தானாக ஓடிவிடும், இரண்டாவதும் ஓடும். மூன்றாவதில்தான் கை நிற்கும். பணம் கிடைத்தாச்சு, ஒளித்து வைத்தாச்சு, அப்புறம்? அந்த இடத்தில் பலரும் ஒரு திருட்டுக் கும்பலைக் கூட்டிவந்து பிள்ளைகளைத் துரத்த விடுகிறார்கள். அதோடு போச்சு. பைக்குள் வைரம் இருந்தாலும் அதே துரத்தல்தான், பழைய வரைபடம் இருந்தாலும் அதே துரத்தல்தான். பணம் என்ற பொருளுக்கு அந்தக் கதையில் வேலையே இல்லாமல் போய்விடும்.

என்னைக் கேட்டால் இந்த வகை நாவலின் சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பணம் கிடைப்பது ஒரு நிமிஷ வேலை. கிடைத்த பணத்தை அவர்களால் செலவழிக்க முடியாது என்பதுதான் இருநூறு பக்கத்துக்கான விஷயம். பெரியவர் ஒருவரிடம் அதே பை சிக்கினால் அவர் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல் கரைத்துவிடலாம். பத்து வயசுப் பிள்ளை ஒரு பெரிய நோட்டை நீட்டினால் கடைக்காரர் முதலில் கேட்பது "யார் குடுத்தனுப்புனாங்க?" என்றுதான். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாத இரண்டு பேர், ஒரே அறையில் தூங்குகிறவர்கள், நினைத்த நேரத்தில் ஒருவரை ஒருவர் அம்மாவிடம் போட்டுக்கொடுக்கக் கூடியவர்கள். இதை விட்டுவிட்டுக் கும்பலைத் தேடிப் போக வேண்டியதே இல்லை.

கீழே சொல்வதெல்லாம் 8 முதல் 12 வயசு வாசகர்களுக்கான நாவலை மனதில் வைத்து. அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் தொகை, சட்டம், கெடு எதுவும் இவ்வளவு தேவைப்படாது.

முதலில் பையைத் தூக்கிப் பாருங்கள்

"கோடிக்கணக்கில் பணம்" என்று எழுதுவது சுலபம். அது எவ்வளவு கனம், எவ்வளவு இடம் பிடிக்கும், எந்த மதிப்பு நோட்டு என்று யோசித்த நாவலுக்கும் யோசிக்காத நாவலுக்கும் வித்தியாசம் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இந்த வயசு வாசகர்கள் இதிலெல்லாம் ரொம்பக் கறார்.

அமெரிக்க டாலர் நோட்டை எடுத்துக்கொள்வோம், கணக்குப் போட வசதி. ஒரு நோட்டு ஏறக்குறைய 1 கிராம். 1 டாலர் ஆனாலும் 100 டாலர் ஆனாலும் அதே அளவு, அதே எடை. அப்படியானால் 100 டாலர் நோட்டுகளாகப் பத்து லட்சம் டாலர் என்பது 10,000 நோட்டு, 10 கிலோ. புது நோட்டு என்றால் நூறு சேர்ந்த கட்டு 1 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் போகும். மொத்தம் சுமார் 11 லிட்டர் இடம். அதாவது ஒரு பள்ளிப் பைக்குள் அடங்கிவிடும், ஆனால் புத்தகங்களை வெளியே எடுத்தால்தான். அந்தப் புத்தகங்களை எங்கே வைப்பது? பாருங்கள், ஒரு காட்சி கிடைத்துவிட்டது. மறுநாள் வகுப்பில் அக்காவிடம் கணக்குப் புத்தகம் இல்லை, ஏன் இல்லை என்று சொல்லவும் முடியாது.

அதே தொகை 20 டாலர் நோட்டாக இருந்தால் 50 கிலோ. இரண்டு பிள்ளைகள் சேர்ந்தாலும் தூக்க முடியாது, பல தடவையாகத்தான் கொண்டுபோக வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் வீட்டில் ஒரு பொய் சொல்ல வேண்டும். மதிப்புக் குறைந்த நோட்டு என்றால் செலவழிப்பது லேசு, ஒளிப்பது கஷ்டம். மதிப்பு கூடின நோட்டு என்றால் அப்படியே தலைகீழ். இதில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். உங்கள் கதைக்கு எந்த நாட்டு நோட்டோ அதில் ஒரு பத்து நோட்டைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாலே கணக்கு வந்துவிடும். கசங்கிய பழைய நோட்டு இன்னும் அதிக இடம் பிடிக்கும், வாசனையும் இருக்கும். அலமாரியைத் திறந்ததும் அந்த வாசனைதான் அம்மாவுக்கு முதலில் போகும்.

தொகை எவ்வளவு? நான் சின்னத் தொகையின் பக்கம். கப்பல் நிறையப் பணம் வந்தால் பிள்ளைகளின் ஆசை எல்லாம் ஒரே அத்தியாயத்தில் தீர்ந்துபோகும், மிச்சமிருப்பது வெறும் பட்டியல். வீட்டில் இரவு அப்பாவும் அம்மாவும் தணிந்த குரலில் பேசிக்கொள்கிற ஒரு பிரச்சினை இருக்கும் இல்லையா, ஒரு கடன், ஒரு வைத்தியச் செலவு, நின்றுபோன ஒரு படிப்பு, அதைத் தீர்க்கச் சரியாகப் போதுமான தொகை என்றால் கதைக்கு உடனே கனம் வந்துவிடும். அதைத் தீர்த்தால் தங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. தீர்க்காவிட்டால் அந்தத் தணிந்த குரலை தினமும் கேட்டுக்கொண்டே படுத்திருக்க வேண்டும்.

யாருடைய பணம் என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்

வாசகருக்குக் கடைசி அத்தியாயம் வரை தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை. எழுதுகிறவருக்கு முதல் வரிக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். யார் வைத்தது, ஏன் அங்கே வைத்தது, தொலைந்தது தெரிந்ததும் அவர் என்ன செய்தார், ஏன் போலீசுக்குப் போகவில்லை அல்லது போனார் என்று ஒரு பக்கம் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் நாவலில் வராது. ஆனால் பிள்ளைகள் தெருவில் நடக்கும்போது எதிரே ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டே தேடித் தேடிப் போகிறார் என்ற ஒரு வரி அதிலிருந்துதான் வரும்.

உண்மையில் நடந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. 1971 நவம்பர் 24 அன்று அமெரிக்காவில் ஓர் ஆள் பயணிகள் விமானத்தைக் கடத்தி, 2,00,000 டாலரை வாங்கிக்கொண்டு, இரவில் பாராசூட் கட்டிக் குதித்துக் காணாமல் போனார். எல்லாம் 20 டாலர் நோட்டு, எல்லாவற்றின் வரிசை எண்ணையும் அதிகாரிகள் பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஆள் கிடைக்கவே இல்லை. 1980 பிப்ரவரியில் குடும்பத்தோடு கொலம்பியா ஆற்றங்கரைக்குப் போன 8 வயசுப் பையன் ஒருவன், தீ மூட்டுவதற்காக மணலைக் கையால் சமப்படுத்தும்போது மூன்று நோட்டுக் கட்டுகள் தட்டுப்பட்டன. 5,800 டாலர். ஓரமெல்லாம் அரித்துப்போயிருந்த நோட்டுகள், ஆனால் சுற்றியிருந்த ரப்பர் பேண்டுகள் அப்படியே இருந்தன. வரிசை எண்ணை வைத்துத்தான் அது அந்தக் கடத்தல் பணம் என்று தெரிந்தது. அப்புறம் 1986இல் அந்த நோட்டுகளைப் பையனுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்கள், சிலதைப் புலனாய்வுத் துறை சாட்சியாக வைத்துக்கொண்டது.

இந்தச் சம்பவத்தை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. ரப்பர் பேண்டைக் கவனியுங்கள். "மர்மமான பணம்" என்று நாலு பத்தி எழுதுவதைவிட, நோட்டு அரித்திருக்கிறது, ரப்பர் பேண்டு அரிக்கவில்லை என்ற ஒரு தகவல் அதிகம் வேலை செய்கிறது. உங்கள் பைக்கும் அப்படி ஒன்று வேண்டும்: கட்டைச் சுற்றிய தாளில் யாரோ பென்சிலால் எழுதிய ஒரு கணக்கு, பையின் அடியில் ஒரு சாவி, ஒரு மூக்குக்கண்ணாடி. பெரியதாக எதுவும் வேண்டாம்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கண்டெடுத்தவனுக்கே சொந்தம் என்று பிள்ளைகள் நம்புவார்கள், அது கதைக்கு நல்லது. நீங்கள் நம்பக் கூடாது. 1722இல் இங்கிலாந்தில் வந்த ஒரு வழக்கு இதற்கு அடிப்படை. புகைக்கூண்டு சுத்தம் செய்யும் சிறுவன் ஒருவனுக்கு ஒரு நகை கிடைக்கிறது, அதை மதிப்புப் பார்க்கப் பொற்கொல்லர் கடைக்கு எடுத்துப் போகிறான், அங்கே வேலை கற்கும் ஆள் எடை போடுவதாகச் சொல்லிக் கற்களைக் கழற்றிக்கொண்டு, சில்லறைக் காசை நீட்டி அனுப்பப் பார்க்கிறார். பையன் வாங்க மறுத்து வழக்குப் போடுகிறான். உண்மையான சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் அதை அவனிடமிருந்து பறிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. மூன்று நூற்றாண்டு ஆன பிறகும் சட்ட மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். பெரியவர் ஒருவர் "இங்கே குடு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி ஒரு பிள்ளையிடமிருந்து வாங்கும் காட்சியை எழுதப் போகிறீர்கள் என்றால் இந்தப் பையனை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுக்கு நாடு விதி மாறும். ஜெர்மனியில் கண்டெடுத்து ஒப்படைத்தவருக்கு 500 யூரோ வரை 5 விழுக்காடும் அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 3 விழுக்காடும் சன்மானம் உண்டு, 6 மாதம் யாரும் கேட்டு வராவிட்டால் பொருளே அவருக்கு. ஜப்பானில் சன்மானம் 5 முதல் 20 விழுக்காடு, காத்திருப்பு 3 மாதம். முன்பு அங்கேயும் 6 மாதமாக இருந்தது. 1980இல் தோக்கியோவின் கின்சா பகுதியில் லாரி ஓட்டுநர் ஒருவருக்குத் துணியில் சுற்றிய 10 கோடி யென் கிடைத்து, உரிமை கோரி யாரும் வராததால் கடைசியில் வரி போக அவருக்கே வந்தது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்து கிடைத்தது 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தெருவில் கிடந்த பைக்கு ஒரு விதி, தோண்டும்போது கிடைத்ததற்கு வேறு விதி. எனவே பை எங்கே கிடக்கிறது என்பது வெறும் வர்ணனை இல்லை. காத்திருப்புக் காலம் உள்ள நாட்டில் கதை நடந்தால் பிள்ளைகள் ஒழுங்காகப் பணத்தை ஒப்படைத்துவிட்டு, யாரும் வரக் கூடாதே என்று நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாவலைக்கூட எழுதலாம். யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

சொந்தக்காரர் யார் என்பதில் என் விருப்பம்: வில்லன் வேண்டாம். பிள்ளைகளுக்கு முகம் தெரிந்த, தினம் பார்க்கிற, பிடிக்காத ஒருவராக இருக்கட்டும். கெட்டவனுடைய பணம் என்றால் எடுத்துக்கொள்ள வாசகரே அனுமதி கொடுத்துவிடுவார். நல்ல ஏழைப் பாட்டியுடைய பணம் என்றால் உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிடுவார். சிடுசிடுவென்று விழுகிற, பந்தைத் திருப்பித் தராத எதிர்வீட்டுக்காரருடையது என்றால் வாசகருக்கே திண்டாட்டம்.

இரண்டு பேருக்கும் தனித்தனி ஆசை, அதை இருவரும் சொல்லக் கூடாது

நாவலின் முதுகெலும்பு இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இதில் செலவழியுங்கள்.

அக்காவுக்கு 11, தம்பிக்கு 8 என்று வைப்போம். மூன்று வயசு இடைவெளி வசதியானது. பெரியவளுக்குக் கணக்குத் தெரியும், விளைவு தெரியும், பயமும் தெரியும். சின்னவனுக்கு நியாயம் மட்டும் தெரியும், அதுவும் "நான்தானே முதல்ல பாத்தேன்" என்ற அளவில். இரட்டையர் என்றால் இந்த மேடு பள்ளம் கிடைக்காது. மூன்றாவதாக ஐந்து வயசில் ஒரு தங்கை இருந்தால் ரகசியம் எந்த நேரமும் உடையலாம் என்ற பயம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அந்தக் குழந்தையைச் சிரிப்புக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள், ஒரு தடவையாவது அவள் சொன்னது உண்மை என்று ஆக வேண்டும், அதை யாரும் நம்பாமலும் போக வேண்டும்.

பலரும் செய்வது: அக்கா நல்லவள், தம்பி பேராசைக்காரன் (அல்லது மாற்றி). இதில் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று வாசகருக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது, அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்? இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருக்க வேண்டும். அக்கா, அப்பாவின் கடனுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறாள். தம்பி, திருட்டுப் பணத்தை அப்பாவிடம் கொடுத்தால் அப்பாவைத்தானே போலீஸ் பிடிக்கும் என்கிறான். இரண்டும் சரி.

அதற்கு அடியில் ஆளுக்கொரு சொல்லாத ஆசை. அக்காவுக்கு வீட்டில் பேசும் கடனைவிட, சிநேகிதிகள் போகிற ஒரு பயணத்துக்குத் தானும் போக வேண்டும் என்பது. தம்பிக்கு, அக்கா தன்னோடு முன்பு மாதிரி விளையாட வேண்டும் என்பது; பை கிடைத்த நாளிலிருந்து அவள் அவனோடு தினமும் பேசுகிறாள், பை போய்விட்டால் அதுவும் போய்விடும். ஆகவே அவன் பையை விடமாட்டான், ஏன் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது. இதை நீங்கள் எந்த இடத்திலும் வெளிப்படையாக எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் நோட்டை எண்ணுவதில் அடிக்கடி தப்புப் பண்ணுகிறான் என்பது போதும், ஏனென்றால் தப்பானால் மறுபடி இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எண்ண வேண்டியிருக்கும்.

ஒரு மாதிரி பாருங்கள். கட்டிலுக்கு அடியில், போர்வையை இழுத்து மறைத்துக்கொண்டு எண்ணுகிறார்கள்.

"எவ்வளவு வந்துச்சு?"

"நீ பேசுனதுல மறந்துட்டேன்க்கா. மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும்."

"நான் பேசவே இல்லையே."

"மூச்சு விட்ட."

அவள் அவனையே பார்த்தாள். அவன் எச்சில் தொட்ட விரலால் முதல் நோட்டை மறுபடி எடுத்து வைத்தான்.

"எச்சில் தொடாத. நனைஞ்சா ஒட்டிக்கும்."

"வங்கியில தொடறாங்களே."

"அவங்க பஞ்சு வச்சிருப்பாங்க. எச்சில் இல்ல."

"நமக்கும் பஞ்சு வாங்கலாம்," என்றான். "பணந்தான் இருக்கே."

இதில் பணத்தைப் பற்றி யாரும் தத்துவம் பேசவில்லை, பயமாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. சண்டை எச்சிலைப் பற்றித்தான். பிள்ளைகள் எப்போதும் பக்கத்தில் இருக்கிற சின்ன விஷயத்துக்குத்தான் சண்டை போடுவார்கள், பெரிய விஷயம் அதற்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் உரையாடலில் எட்டு வயசுப் பையன் "பணம் மனிதர்களை மாற்றிவிடும் அக்கா" என்று சொன்னால் அந்த வரியை வெட்டிவிடுங்கள், இரக்கமே வேண்டாம்.

செலவழிக்க விடுங்கள், கஷ்டப்படட்டும்

முதல் கஷ்டம் மீதிச் சில்லறை. இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. பெரிய நோட்டைக் கொடுத்து ஒரு சின்னப் பொருளை வாங்கினால் கைக்குத் திரும்பி வருவது இன்னும் நிறைய நோட்டும் காசும். ஒரு நோட்டை ஒளிப்பது சுலபம், அதைச் செலவழித்த பிறகு ஒளிக்க வேண்டியது இரு மடங்காகிவிடுகிறது, அதுவும் நடந்தால் கிலுகிலு என்று சத்தம் போடுகிற காசு. வாங்கின பொருளையும் ஒளிக்க வேண்டும். "இது ஏது?" என்ற கேள்விக்கு "பிரெண்டு குடுத்தான்" என்ற பதில் ஒரு தடவை செல்லும். இரண்டாவது தடவை அம்மா அந்தப் பிரெண்டின் அம்மாவிடம் நன்றி சொல்லப் போவார்.

செல்லாத பணம் என்பதும் நல்ல வழி. எடித் நெஸ்பிட் 1902இல் எழுதிய ஒரு சிறார் நாவலில் உடன்பிறப்புகள் ஒரு மாயப் பிராணியிடம் கேட்டது போலவே ஒரு பள்ளம் நிறையத் தங்கக் காசு கிடைக்கிறது. ஆனால் அது வழக்கொழிந்த பழைய காசு, எந்தக் கடையிலும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள், சந்தேகப்பட்டுப் போலீஸ் வரை போகிறது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்த வித்தை தெரிந்திருக்கிறது. இன்றைக்கு எழுதுகிறவருக்கு இன்னொரு வசதி உண்டு: பல கடைகளில் காகிதப் பணத்தையே யாரும் நீட்டுவதில்லை, எல்லாம் போனில். கையில் கட்டுக் கட்டாக நோட்டு இருந்தும் பிள்ளைகளால் ஒரு விளையாட்டைத் தரவிறக்கக்கூட முடியாது. அந்த எரிச்சலே ஒரு அத்தியாயம் தாங்கும்.

அடுத்து, தானம். பிள்ளைகள் நல்லது செய்யப் போகிறார்கள் என்றதும் எழுதுகிறவர்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது, பக்கம் பக்கமாக எல்லாருக்கும் கொடுக்க வைக்கிறார்கள். கொடுத்த பிறகு என்ன ஆகும் என்று யோசியுங்கள். பள்ளியில் துப்புரவு வேலை செய்பவரின் பைக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு கட்டை வைத்துவிட்டுச் சந்தோஷமாக ஓடிவருகிறார்கள். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அவரிடம் எப்படி இவ்வளவு பணம் வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள், பள்ளிக் கட்டணத்தில் குறைகிறதா என்று கணக்குப் பார்க்கிறார்கள். உண்மையைச் சொன்னால்தான் அவரைக் காப்பாற்ற முடியும், சொன்னால் பை போய்விடும். நாவலின் நடுப்பகுதி தொய்கிறது என்று புலம்புகிறவர்கள் இந்த மாதிரி ஒரு கண்ணியை வைத்துப் பாருங்கள். துரத்துகிறவன் வேண்டாம், பிள்ளைகள் செய்த நல்ல காரியமே அவர்களைத் துரத்தட்டும்.

ஒவ்வொரு அத்தியாயத்திலும் பையில் மீதி எவ்வளவு என்று தனியே ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். எழுதும்போது மறந்துவிடும், வாசகப் பிள்ளைகளுக்கு மறக்காது, கூட்டிப் பார்த்துக் கடிதம் போடுவார்கள்.

கெடு

பை கட்டிலடியில் பத்திரமாக இருந்தால் யாருக்கும் அவசரம் இல்லை. அவசரம் இல்லாவிட்டால் நாவல் நகராது. ஒரு தேதி வேண்டும்.

ஃபிராங்க் காட்ரெல் பாய்ஸ் தன் 'மில்லியன்ஸ்' நாவலில் (2004) இதை அழகாகச் செய்தார். பிரிட்டன் பவுண்டை விட்டு யூரோவுக்கு மாறப்போகிறது என்று ஒரு கற்பனை. அண்ணன் தம்பி கையில் கிடைத்த பவுண்டு நோட்டெல்லாம் சில நாளில் வெறும் காகிதம். நிஜத்தில் பிரிட்டன் யூரோவுக்கு மாறவே இல்லை. சிறார் நூல்களுக்கான பிரிட்டிஷ் விருதான கார்னகி பதக்கம் வாங்கின நாவல் அது, அந்தக் கெடுவை எடுத்துவிட்டால் பாதி வேகம் போய்விடும்.

நிஜ உலகமும் இதற்கு நிறையக் கொடுக்கிறது. 2002 ஜனவரி 1 அன்று யூரோ நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தபோது பழைய பணத்தைக் கடையில் வாங்கிக்கொண்ட காலம் அதிகபட்சம் இரண்டு மாதம்தான். இந்தியாவில் 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவிலிருந்து பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது, வங்கியில் போட டிசம்பர் 30 வரை அவகாசம். பிரிட்டனில் காகித 20, 50 பவுண்டு நோட்டுகளுக்கு 2022 செப்டம்பர் 30 கடைசி நாள். இப்படி ஒரு தேதியைப் பையின் மேல் வைத்தால் பிள்ளைகளுக்குச் சிக்கல் இரட்டிப்பு, ஏனென்றால் நோட்டை மாற்ற வங்கிக்குப் போக வேண்டும், வங்கிக்கு அடையாள அட்டையோடு ஒரு பெரியவர் வேண்டும். எந்தப் பெரியவரை நம்புவது? வரலாற்று நாவலாக எழுதினால் நிஜத் தேதியையே வைத்துக்கொள்ளலாம், அப்போது அந்த நாட்களின் வரிசையும் கூட்டமும் பெரியவர்களின் பதற்றமும் சேர்ந்தே வரும்.

நோட்டு மாற்றம் வேண்டாம் என்றால் வேறு கெடு: வீடு மாறப்போகிறார்கள், பை ஒளிந்திருக்கும் பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், மழை வருகிறது. மழை எளிய கெடு, ஆனால் காகிதத்துக்கு எதிரி அதுதானே.

பெரியவர்கள்

முட்டாளாக்காதீர்கள். அம்மா கவனிக்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கட்டும்: இரவு வேலை, உடம்பு முடியாத பாட்டி, மனசு சரியில்லாத நாட்கள். ஒரு பெரியவராவது பாதிக்கதையிலேயே கண்டுபிடித்துவிட்டு, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருந்தால் இரண்டாம் தடவை படிக்கும்போது வாசகர் அதைக் கண்டுபிடித்துக் குதிப்பார்.

யார் சொல்வது, எவ்வளவு நீளம்

சின்னவன் வாயால் சொல்ல வையுங்கள். அவனுக்குப் பாதிதான் புரியும், மீதி வாசகருக்குப் புரியும். அந்த இடைவெளியில்தான் சிரிப்பும் வலியும் வருகிறது. "அப்பா போன்ல யாரையோ சார் சார்னு கூப்பிட்டாரு, ஆனா போனை வச்சதும் அவரைத் திட்டுனாரு" என்று அவன் சொன்னால் கடன் என்ற சொல்லையே எழுத வேண்டாம். கதை சொல்லும் பகுதி எளிய எழுத்து நடையில் இருக்கட்டும், பேச்சு பேச்சாக இருக்கட்டும். இரண்டையும் கலந்து பாதி மேடைத்தமிழாக்கினால் பிள்ளைகள் மூடி வைத்துவிடுவார்கள்.

நீளம் தமிழில் 15,000 முதல் 20,000 சொல் வரை தாராளம். அத்தியாயங்கள் சின்னதாக, ஒரே மூச்சில் வாசித்துக் காட்டும் அளவில். பை முதல் அத்தியாயம் முடிவதற்குள் கிடைத்தாக வேண்டும். ஊரையும் குடும்பத்தையும் அறிமுகம் செய்ய மூன்று அத்தியாயம் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு; அந்த அறிமுகத்தையெல்லாம் பை கிடைத்த பிறகு செய்யுங்கள், அப்போது பக்கத்து வீட்டுக்காரர் வெறும் பக்கத்து வீட்டுக்காரராக இருக்க மாட்டார், மோப்பம் பிடிக்கக் கூடியவராக மாறியிருப்பார்.

முடிவை எப்படிச் சமாளிப்பது

சில முடிவுகளைத் தொடவே வேண்டாம். எல்லாம் கனவு என்பது. போலீஸ் அதிகாரி மேடையில் சால்வை போட்டுப் பரிசு கொடுப்பது, அந்தப் பரிசு சரியாக அப்பாவின் கடன் தொகையாக இருப்பது. தாத்தா ஒருவர் வந்து உழைப்பின் மேன்மையை விளக்குவது. இதில் மூன்றாவதுதான் மோசம். முழு நாவலும் பேசாமல் பேசின விஷயத்தை அவர் ஒரு பத்தியில் போட்டு உடைத்துவிடுவார்.

நான் சொல்லக்கூடிய ஒரு வழி, பணம் குறைகிறது என்பதை முடிவாக்குவது. பையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்றே வையுங்கள். ஆனால் செலவானது செலவானதுதான், அதைத் திருப்ப முடியாது. சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்து எண்ணுகிறார். எவ்வளவு குறைகிறது என்று அவருக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும், ஆனால் இரண்டு பேருக்கும் தெரிந்த தொகை வேறு வேறு, ஏனென்றால் அக்கா தம்பிக்குத் தெரியாமல் கொஞ்சம் எடுத்திருக்கிறாள், தம்பியும் அக்காவுக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறான். அந்த மேசையில்தான் அது முதல்தடவையாக வெளியே வருகிறது. யார் எதற்கு எடுத்தார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன சொல்லாத ஆசைகளை அதுவரை பத்திரமாக வைத்திருந்தீர்கள் என்றால் இந்த ஒரு காட்சி போதும், அதற்குப் பிறகு ஒரு பக்கத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

முதல் வரைவை முடித்ததும் பெரியவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பதற்கு முன், உண்மையான உடன்பிறப்புகள் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். சேர்ந்து உட்கார வைத்துக் கேட்காதீர்கள், பெரியவள் சொன்னதையே சின்னவன் சொல்வான். தனித்தனியே கூப்பிட்டு ஒரே கேள்வி: யார் பக்கம் நியாயம்? இரண்டு பேரும் ஒரே ஆளைச் சொன்னால் இன்னொரு பிள்ளைக்கு நீங்கள் சரியான காரணம் கொடுக்கவில்லை என்று அர்த்தம், அந்தப் பிள்ளையின் பகுதிகளை முதலிலிருந்து எடுத்து எழுத வேண்டியிருக்கும்.